தண்ணீர் குடிக்காத யானை

அத்தியாயம் 7

அன்று மாலை நான்கு மணிக்கு மேல் யானையைச் சுடலாம் என்று தலைநகரத்திலிருந்து அனுமதி வந்துவிட்டது. மணி இப்போது ஒன்று.

விதவைப் பணத்துக்கு விண்ணப்பம் போட்டால் ஏழு மாதம் கொட்டாவி விடுகிற அதே அலுவலகம்தான். யானையைச் சுட வேண்டும் என்றதும் மூன்றே மணி நேரத்தில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சுறுசுறுப்பை நினைத்து டிரைவர் கவாரிக்குப் புல்லரித்தது.

சுடப்போகிறவர் இருபது கிலோமீட்டர் தள்ளி, மேட்டின்மேல் இருக்கும் ராத்மனின் சுற்றுலா விடுதியில் விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார். சாகப்போவது ஊபா. ஐம்பது வயதுக் கிழட்டு ஆண் யானை. அந்த வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே பெரிய மனிதர். நேற்று ராத்திரி ஊரின் ஒரே சோலார் பம்பை நொறுக்கிவிட்டதாக அதன்மேல் குற்றச்சாட்டு.

"ஊபா உடைக்கலை," என்றாள் லிஸ்பெத் உய்ராஸ். பம்பைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பம்புக்கு ஒரு கிலோமீட்டர் பின்னால், ஊர்க் கமிட்டி கொடுத்த தகர வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். "அது சாகப்போகுது. என் வேலையும் வீடும் போகப்போகுது. ரெண்டுக்கும் ஒரே ரிப்போர்ட்தான். நீங்கதான் பாக்கணும் அக்கா."

அக்கா என்றது எமிலியா கரீசஸை. கோரிஹாஸ் நகரப் போலீஸில் இருபது வருஷம் ஆடுமாடு திருட்டுப் பிரிவில் இருந்துவிட்டு, மேலதிகாரியை முட்டாள் என்று எழுத்துமூலமாகத் தெரிவித்து வெளியே வந்தவள். இப்போது தனியார் துப்பறிவாளர். கவாரி அவளுக்கு உதவியாளன், டிரைவர், கோபம் வந்தால் முறைப்பதற்கு ஒரு முகம். இந்த வழக்குக்கு ஃபீஸாக லிஸ்பெத் ஒரு வெள்ளாட்டைக் கட்டி வண்டியின் பின்னால் ஏற்றியிருந்தாள்.

"ஆட்டை ஃபீஸா வாங்கினோம்னு மாட்டையே சொத்தா மதிக்கிற எங்க ஹெரேரோ ஜனத்துக்குத் தெரிஞ்சா என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டாங்க அக்கா. ஒரு கன்னுக்குட்டியாவது கேட்டிருக்கலாம்."

"உன் மூளைக்கு ஆடே அதிகம். வாயை மூடிட்டு வா."

பம்பைச் சுற்றி இடுப்பளவு கற்சுவர். இப்போது அதில் பாதி தரையில் கிடந்தது. சோலார் பலகைகள் குப்புற விழுந்து, தண்ணீர்த் தொட்டி சாய்ந்து கிடந்தது. சுவருக்கு வெளியே, முப்பதடி தள்ளி, தரையோடு தரையாக ஒரு சிமெண்டுக் குளம். யானைக் குளம். பொழுது சாயும்போது அதை நிரப்பி வைத்தால் யானைகள் வந்து குடித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். நிரப்பாவிட்டால் சுவரைப் பிரித்துக்கொண்டு உள்ளே வரும். யாரும் கையெழுத்துப் போடாத, முப்பது வருஷமாக யானைகள் மீறாத ஒப்பந்தம் அது. மனிதர்கள்தான் அவ்வப்போது மறந்துபோவார்கள்.

"எஃப்ராயிம் ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருக்கான்?" என்றாள் எமிலியா.

எஃப்ராயிம் தனிசெப்தான் அந்த வட்டாரத்து வனக்காவலன். தடம் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. விடுதியில் தங்கி, சுற்றுலாக்காரர்களை யானை காட்ட அழைத்துப்போவதும் அவன்தான்.

"நான் குளத்தை நிரப்பலையாம். தாகத்துல ஊபா உடைச்சிருச்சாம். விடிஞ்சதும் பயந்துபோய் நான் நிரப்பி வெச்சேனாம்."

எமிலியா குளத்தருகே குந்தினாள். தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. பம்பிலிருந்து குளத்துக்குப் போகும் குழாயைப் பார்த்தாள். நடுவில் இரண்டாக ஒடிந்து, வாய் பிளந்து கிடந்தது.

"கவாரி, இந்தக் குழாய் வழியா குளத்துக்குத் தண்ணி வருமா?"

"வரும் அக்கா. தபால்ல வரும்."

"வாளியில சுமந்து நிரப்பினா ரெண்டு நாள் ஆகும். ஆக, பம்பு உடைஞ்ச பிறகு இதை யாரும் நிரப்பியிருக்க முடியாது. உடையறதுக்கு முன்னாடியே நிறைஞ்சிருந்துது. லிஸ்பெத், ஊபா கடைசியா எப்ப தண்ணிக்கு வந்துச்சு?"

"முந்தாநேத்து சாயங்காலம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். இன்னிக்கு நாலு மணிவாக்குல வரும். அதான் அந்த ஆளுக்கு நாலு மணி குறிச்சுக் குடுத்திருக்காங்க."

"நேத்து ராத்திரி அதோட முறை இல்ல. அப்படியே வந்திருந்தாலும், பாலைவனத்துல அவ்வளவு தூரம் நடந்து வந்த யானை நிறைஞ்ச குளத்துல தும்பிக்கையைக்கூட நனைக்காம, நேரா போய் பம்பை உடைச்சுட்டுத் திரும்பிருச்சா?"

"விரதமா இருக்கும்," என்றான் கவாரி.

லிஸ்பெத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆனா காலடி ஊபாவோடதுதான் அக்கா. என் புள்ளைங்களுக்கே தெரியும்." மணலைக் காட்டினாள். "அதுதான் எனக்குப் புரியலை."

கல்தரை முடியும் இடத்திலிருந்து பம்பு வரை இருநூறடி மணல். அதில் தடம் போவதும் வருவதுமாக அழகாகப் பதிந்திருந்தது. முன் வலதுகாலில் கிளை பிரிந்த ஓடையைப் போல ஒரு வெடிப்பு. ஊபாவின் முத்திரை அது. தடத்துக்கு ஒரு கை தூரம் தள்ளி, கூடவே பூட்ஸ் தடம் ஒன்று போனது.

"இது எஃப்ராயிம் அண்ணனோட பூட்ஸ். தடத்தை மிதிக்காம ஓரமாத்தான் நடப்பாரு," என்றாள் லிஸ்பெத். அதில் அதிசயமில்லை. அந்த ஊரில் தடத்தை மிதித்த குழந்தைக்கு முதுகில் அடி விழும்.

"காலையில நீ எப்ப வந்தே?"

"அஞ்சரைக்கு. ஆத்து வழியா கடல் பனி ஏறி வந்து, என் கையே எனக்குத் தெரியலை. சட்டை நனைஞ்சு போச்சு. ஆறரைக்குப் பனி விலகின பிறகுதான் இந்த மணல்ல இறங்கி பம்பையே பாத்தேன். உடனே கமிட்டிக்குச் சொல்ல ஓடிட்டேன்."

எமிலியா மணலில் கன்னம் படுகிற அளவு குனிந்து பூட்ஸ் தடத்தைப் பார்த்தாள். பிறகு லிஸ்பெத்தின் செருப்புத் தடத்தைப் பார்த்தாள். "ம்," என்றாள்.

அந்த 'ம்' வந்துவிட்டால் அப்புறம் இரும்புக் கம்பியால் நெம்பினாலும் அவள் வாயிலிருந்து எதுவும் வராது. கவாரிக்கு நாலு வருஷப் பழக்கம்.

"இந்த மணல்ல ஒரு கோழிகூட நடக்கக் கூடாது லிஸ்பெத். கவாரி, யானை வரல, யானையோட கால் மட்டும் வந்திருக்கு. கால் எங்க கிடைக்கும்?"

"ராத்மன் கடையில கிடைக்கும்," என்று பதில் சொன்னது லிஸ்பெத்தான். "யானைத் தடத்துல பிளாஸ்டர் ஊத்தி அச்சு எடுத்து, வர்றவங்களுக்கு விக்கிறாங்க. காசு குடுத்துக் காலை வாங்கிட்டுப் போறாங்க, வெக்கங்கெட்டதுங்க."

*

விடுதிக்குப் போகும் வழியில் ஆற்று மணலில் வண்டி நின்றது. நிறுத்தியது ஆறு பெண் யானைகளும் ஒரு குட்டியும்.

செம்மண் அப்பிய உடம்போடு அனா மரத்தடியில் காய் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. இடது பக்கமும் வலது பக்கமும் பாறை. வழி அவற்றுடையது.

"ஹாரன் அடிக்கவா?"

"அடி. உன் வீட்டுக்கு நான் ஆள் அனுப்பிச் சொல்லிக்கிறேன்."

பெரியவள் ஒருத்தி நிதானமாக நடந்து வந்தாள். தும்பிக்கையை நீட்டி வண்டியின் கண்ணாடியில் ஒரு மூச்சு விட்டாள். கண்ணாடி முழுவதும் மங்கியது. பின்னால் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்த ஆடு சட்டென்று ஊமையானது. கவாரியும்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிற யானைதான், ஆனாலும் இவ்வளவு பக்கத்தில் அதன் கண்ணிமை மயிர் தெரியும்போது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. யார் அதை ஒத்துக்கொள்வார்கள்?

பெரியவளுக்கு அவர்களிடம் மரியாதை கொடுக்கத்தக்க எதுவும் தென்படவில்லை. திரும்பி, குட்டியை முன்னங்காலால் நகர்த்திவிட்டு, கூட்டத்தோடு கரையேறினாள். இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டது.

விடுதியில் தூசு தட்டிக்கொண்டு இறங்கியபோது மணி இரண்டரை.

வரவேற்பறையில் டெல்பர்ட் என்ற வேட்டைக்காரர் இருந்தார். டெக்சாஸ்காரர். தலையிலிருந்து கால்வரை புதுக் காக்கி உடுப்பு, தொப்பியின் பின்னால் கடைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மடியில் துப்பாக்கி. பக்கத்து மேசையில் நாலு வெள்ளைக்காரிகள் வெந்நீர் சூடாக இல்லையென்று ஒரு பணிப்பெண்ணிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில்.

சுவர் முழுக்க யானைக் கால். வெள்ளை வெளேரென்று, வட்டமும் நீள்வட்டமுமாக வரிசை வரிசையாக மாட்டியிருந்தது. நடுவில் நாலு கால் கொண்ட ஒரு தொகுதி. கீழே 'ஊபா' என்று பலகை.

"அக்கா," கவாரி காதைக் கடித்தான். "ஆள் அகப்பட்டுட்டான், ராத்மன்தான். வேட்டைக்காரன் இவனோட விருந்தாளி. கால் இவனோட கடையில. ஊபா வந்து நீச்சல் குளத்துத் தண்ணியைக் குடிச்சுட்டு அசிங்கம் பண்ணுதுன்னு போன வருஷமே மனு குடுத்தவன் இவன். விலங்கு எடுத்துட்டு வரவா?"

"நம்மகிட்ட விலங்கு இல்ல."

"ஆட்டைக் கட்டின கயிறு இருக்கு."

விடுதிக்காரர் ராத்மன் ஜெர்மானிய வம்சம், மூணு தலைமுறையாக இந்த மண்ணில். சிவந்த முகத்தோடு வந்து நின்றார். எமிலியா சுற்றி வளைக்கவில்லை.

"ஊபா செத்தா உங்களுக்கு என்ன லாபம் சார்?"

"லாபமா?" ராத்மன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சீறினார். "அம்மா, உயிரோட இருக்கிற யானையை நான் தினமும் விக்கிறேன். செத்த யானையை ஒரே தடவைதான் விக்க முடியும். அதுவும் நானில்ல, வேட்டைக் கம்பெனிதான் விக்கும். இந்த வருஷம் வந்த எல்லாரும் ஊபாவைப் பாக்க வந்தவங்க. நீச்சல் குளம் நாறினா கழுவிக்கலாம். ஊபா போனா நான் கடையை மூடணும். காலையிலேர்ந்து அந்த அலுவலகத்துக்குப் போன் பண்ணிப் பண்ணி என் விரல் தேஞ்சுபோச்சு!"

கவாரியின் கைதி கைநழுவிப் போனான். கவாரி முகத்தைத் தொங்கப்போட்டான்.

"இந்த அச்செல்லாம் எடுத்தது யாரு?"

"எஃப்ராயிம்தான். வேற யாருக்கு வரும்?" ராத்மன் பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

எஃப்ராயிம் வந்தான். நெட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதன். நெற்றிமேல் யாரோ சுற்றுலாக்காரர் விட்டுப்போன கறுப்புக் கண்ணாடி. எமிலியாவைப் பார்த்ததும் எழுந்த தயக்கத்தை ஒரு சிரிப்பால் மூடினான்.

"எமிலியா அக்கா! எவ்வளவு நாளாச்சு."

"உன் வேலையைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம். காலையில எத்தனை மணிக்குத் தடத்தோட நடந்தே?"

"எட்டு மணிக்கு. ஒரே தடவைதான். எனக்கு ஒரு தடவை போதும்."

"வெளிச்சம் நல்லா இருந்துதா?"

"கேக்கணுமா!" என்று ராத்மன் குறுக்கே விழுந்தார். தொழில் புத்தி. "விடியும்போதே வானம் கண்ணாடி மாதிரி. விருந்தாளிங்க எல்லாரும் இந்த முற்றத்துல நின்னு சூரியனைப் போட்டோ எடுத்தாங்க."

"பளிச்சுன்னு இருந்துது அக்கா," என்றான் எஃப்ராயிமும்.

"அப்ப ஒண்ணு பண்ணு. எனக்கு வயசாயிருச்சு, கண்ணு சரியில்ல. வந்து அந்தத் தடத்தை எனக்கு ஒருதரம் படிச்சுக் காட்டு. நீ படிச்சுக் கேட்டா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

இருபது கெஜம் தள்ளி ஓடும் பல்லியின் வாலைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிறவள் அவள். கவாரி வாயைத் திறந்து, அவள் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டான்.

*

மூன்றே முக்காலுக்கு எல்லோரும் பம்படியில் இறங்கினார்கள். டெல்பர்ட் பாறை நிழலில் துப்பாக்கியோடு இடம் பிடித்தார். ராத்மன் தன் ஜீப்பிலேயே உட்கார்ந்து நகம் கடித்தார். லிஸ்பெத் உடைந்த சுவரருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எஃப்ராயிம் கல்தரை முடியும் இடத்துக்குப் போனான். கோயில் பூசாரி மாதிரி ஒரு மிடுக்கோடு குனிந்தான்.

"இதோ, முன் வலதுகால். வெடிப்பு பாருங்க. அதுமேல பின்கால் ஏறியிருக்கு. அவசரமில்லாத நடை. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். எப்படிச் சொல்றேன்னா, இந்த மணல்ல..."

நின்றுவிட்டான்.

அவன் கண் யானைத் தடத்திலிருந்து நகர்ந்து, ஒரு கை தூரத்தில் இருந்த தன் பூட்ஸ் தடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"படி எஃப்ராயிம்," என்றாள் எமிலியா. "ஏன் நிறுத்திட்டே? நல்லாத்தானே போயிட்டிருந்துது."

எஃப்ராயிம் நிமிர்ந்து இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"சரி, நான் படிக்கிறேன். கவாரி, குனிஞ்சு பாரு. யானைத் தடத்துல என்ன தெரியுது?"

"புள்ளி புள்ளியா இருக்கு. அம்மை வந்த மூஞ்சி மாதிரி."

"பனித்துளி விழுந்த புள்ளி. விடிகாலையில ஆத்து வழியா ஏறுற கடல் பனி மணலைக் குத்திட்டுப் போகும். ராத்திரி பதிஞ்ச தடத்துல புள்ளி இருக்கும். பனி விலகின பிறகு பதிஞ்ச தடம் வழவழன்னு இருக்கும். லிஸ்பெத்தோட செருப்பு?"

"வழவழ."

"நம்ம தடம்?"

"வழவழ."

"எட்டு மணிக்கு, பளிச்சுன்னு வெயில்ல, ஒரே ஒரு தடவை நடந்த எஃப்ராயிமோட பூட்ஸ்?"

கவாரி பார்த்தான். எழுந்து இன்னும் நாலு தடம் தள்ளிப் போய்ப் பார்த்தான். "எல்லாத்துலயும் அம்மை போட்டிருக்கு அக்கா."

"பனிக்கு முன்னாடி நடந்த பூட்ஸ். நடுராத்திரியில ஊபாகூடக் கைகோத்து நடந்து வந்தியா எஃப்ராயிம்? இல்ல ஊபாவோட நாலு காலையும் கோணிப்பையில போட்டுத் தோள்ல தூக்கிட்டு வந்தியா?"

"பூட்ஸ் தடத்தை அழிச்சிருக்கலாமே!" என்றார் ராத்மன் ஜீப்பிலிருந்து.

"எதுக்கு அழிக்கணும்? காலையில தடம் பாத்தவனோட பூட்ஸ் பக்கத்துல இல்லைன்னாத்தான் சந்தேகம் வரும். இருந்தா அழகா பொருந்தும். ராத்திரி நடந்ததையே காலை நடைன்னு கணக்குக் காட்டிட்டான். பொய்க்காலைப் பதிக்கும்போதுகூடத் தடத்தை மிதிக்காம ஓரமா நடந்திருக்கான் பாருங்க, தொழில் பக்தி! ஆனா சார், உங்க மேட்டுல பனி ஏறாது. அவன் உங்க முற்றத்துல முழிச்சு, வானத்தைப் பாத்து, பனி இல்லைன்னு நினைச்சுட்டான். எட்டு மணிக்கு இங்க வந்தவன் விடுதி ஜீப்பை விட்டே இறங்கலை. தானே எழுதின கடிதத்தை யாரு திருப்பிப் படிப்பா?"

எஃப்ராயிம் நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றான். "யானை பின்னாடி நடந்தேன். காட்டிக் குடுத்தா கை தட்டுவாங்க. போகும்போது பழைய கண்ணாடி, பழைய தொப்பி குடுப்பாங்க. ஊபாவைச் சுட வழி பண்ணிக் குடுத்தா வேட்டைக் கம்பெனி தலைமைத் தடக்காரன் வேலை தர்றேன்னுச்சு. சொந்தமா ஜீப் தர்றேன்னுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"ஜீப்பா?" லிஸ்பெத்தின் குரல் சாட்டையாக வந்தது. "அதுக்கு ஊபாவைக் காட்டிக் குடுப்பியா? என் புள்ளைங்களைத் தெருவுல நிறுத்துவியா? போன மழையில என் வீட்டுல சோளக்களி தின்னுட்டுத்தானேய்யா போனே! த்தூ!"

எமிலியா அவன் இடுப்பிலிருந்த ரேடியோவைப் பிடுங்கி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். கரகரப்புக்கு நடுவே ஓர் அதிகாரி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அதே நிதானத்தோடு சொன்னார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம் மேடம். ஆனா ரிப்போர்ட் குடுத்தவரே வாபஸ் வாங்கணும். அதுவரைக்கும் அனுமதி செல்லும்."

"ஐயா, புண்ணியவானே, யானை..." என்று ஆரம்பித்த கவாரி பாதியில் நிறுத்தினான்.

ஊபா வந்துகொண்டிருந்தது.

ஆற்றின் வளைவிலிருந்து, யாருக்கும் பயப்படத் தேவையில்லாத நடையில் வந்தது. ஒரு கொம்பு நீளம், ஒன்று பாதி ஒடிந்தது. காதோரம் கிழிசல். உடைந்த பம்பை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குளத்துக்கு வந்து தும்பிக்கையை இறக்கியது. தண்ணீர் உறிஞ்சும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

டெல்பர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார். "நாலாச்சு. சுடலாமா?"

கவாரிக்குத் தன் கால் எப்போது நகர்ந்தது என்றே தெரியவில்லை. துப்பாக்கிக் குழாய்க்கும் யானைக்கும் நடுவில் போய் நின்றிருந்தான்.

"உங்க அனுமதிச் சீட்டைக் கொஞ்சம் பாருங்க சார். அதுல கவாரின்னு எழுதியிருக்கா?"

"நகருப்பா!"

"எழுதலை இல்ல? அப்ப முதல்ல எனக்கு ஒரு அனுமதி வாங்கிட்டு வாங்க. மூணு மணி நேரத்துல தருவாங்க. நல்ல அலுவலகம்."

எமிலியா ரேடியோவை எஃப்ராயிமிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவன் பார்வை ஊபாவின் முன் வலதுகாலில் இருந்தது. ஈர மணலில் அந்தக் கால் பதிந்து எழுந்தது. கிளை பிரிந்த வெடிப்பு. இருபத்திரண்டு வருஷமாக அவன் பின்தொடர்ந்த கால்.

ஊபா தும்பிக்கையை உயர்த்திக் காற்றை மோந்தது. தெரிந்த வாசனைதான் போலிருக்கிறது. மறுபடி குடிக்கக் குனிந்தது.

எஃப்ராயிம் ரேடியோவை வாங்கினான்.

"தனிசெப் பேசறேன் சார். ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கறேன்."

"அப்ப பம்பை உடைச்சது எந்த யானை?" என்றது கரகரப்பு. "ஒரு பேரு எழுதணும்."

"யானை இல்ல சார்." ஊபாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான். எஃப்ராயிம் தனிசெப்னு எழுதிக்கோங்க. பம்புக்காரம்மா குளத்தை நிரப்பித்தான் வெச்சிருந்தாங்க. அதையும் எழுதிக்கோங்க."

டெல்பர்ட் எதுவும் புரியாமல் ராத்மனைப் பார்த்தார். ராத்மன் பாய்ந்து வந்து துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கி, மிகுந்த மரியாதையோடு தோட்டாக்களை உருவிக்கொண்டார். கவாரி அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஊபா அவசரப்படவில்லை. குளம் பாதிக்குமேல் காலியாகும்வரை குடித்தது. பிறகு காதை ஒருதரம் வீசிவிட்டு, வந்த வழியே ஆற்று வளைவில் மறைந்தது.

லிஸ்பெத் தலைத்துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். குளத்தை எட்டிப் பார்த்தாள். ஒடிந்த குழாயைப் பார்த்தாள். பிறகு சுவருக்குப் பின்னால் போய் இரண்டு தகர வாளிகளை எடுத்து வந்து எஃப்ராயிமின் காலடியில் நங்கென்று வைத்தாள்.

"நாளைக்குப் பெண் யானைங்க ஆறும் குட்டியும் தண்ணிக்கு வரும். குளம் காலியா இருந்தா நிஜமாவே சுவரைப் பிரிச்சுரும். ஆத்துல நான் தோண்டின ஊத்து அரை கிலோமீட்டர்ல இருக்கு. போலீஸ் வர்றவரைக்கும் எத்தனை நடை முடியுமோ அத்தனை நட."

எஃப்ராயிம் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தான்.